ஒப்பாரிக்கு நடுவில் வழக்குப் பேசும் ஆல்பம்

தம்பி கேட்டது மூன்று கேள்வி. ஆங்கில ரொக் பாண்ட் பிங்க் ஃபுளொய்டின் 'தி ஃபைனல் கட்' ஆல்பத்துக்காக ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள், அது உண்மையில் நல்லதா கூடாததா, 1983 இல் வந்த பன்னிரண்டு பாட்டுப் பதிப்பைக் கேட்பதா 2004 இல் வந்த பதின்மூன்று பாட்டுப் பதிப்பைக் கேட்பதா. முதல் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மூன்றாவதுக்கு என்னிடம் ஒரு கசெட் கதை இருக்கிறது. நடுநடுவே திருகோணமலைக் கதை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இதை இந்த ஊரில் இருந்துதான் கேட்டேன், வேறு மாதிரிக் கேட்கத் தெரியாது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஒப்பாரி. எங்கள் செத்தவீடுகளில் ஒரு கிழவி ஒப்பாரி சொல்லிக்கொண்டு வருவா, ஊரே அழும், திடீரென்று பாட்டோடு பாட்டாக 2 பரப்புக் காணிக்கு யார் வேலி தள்ளிப் போட்டான், யார் வாங்கின காசைத் திருப்பித் தரவில்லை என்று வழக்கு எடுக்கத் தொடங்குவா. அழுதுகொண்டிருந்த ஆக்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு அவ திரும்பவும் செத்தவரிடம் வந்துவிடுவா, எல்லாரும் திரும்பவும் அழுவார்கள். 'ஃபைனல் கட்' அப்படியே அதுதான். அழுகை இருக்கிற இடமெல்லாம் அசலானது, வழக்கு இருக்கிற இடம் அன்றைய பேப்பர். பிடித்தவர்கள் அழுகையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், பிடிக்காதவர்கள் வழக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அதனால் சண்டை முடிகிறதே இல்லை.

பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். 1979 இல் 'தி வால்' வந்தது, 1982 இல் அது படமாகவும் வந்தது. அந்தப் படத்துக்கான பாட்டுகளோடு, மிஞ்சிக் கிடந்ததையும் சேர்த்து 'ஸ்பேர் பிரிக்ஸ்', அதாவது மிஞ்சிய செங்கல், என்று ஒரு ஆல்பம் போடுவதாகத்தான் முதலில் திட்டம். வீடு கட்டி முடித்த பிறகு மிஞ்சிய கல்லில் கோழிக்கூடு கட்டுவது போல. ஆனால் 1982 ஏப்ரல் 2 இல் பிரித்தானியாவின் கையில் இருந்த ஃபோக்லாந்து தீவுகளை ஆர்ஜென்டினா பிடித்தது, பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் கப்பல் படையை அனுப்பினார், ஜூன் 14 இல் சண்டை முடியும்போது 255 பிரித்தானியரும் 649 ஆர்ஜென்டினக்காரரும் செத்திருந்தார்கள். பாண்டில் பாட்டு எழுதிப் பாடிய ரோஜர் வாட்டர்ஸுக்குத் தலை வெடித்தது. ஏனென்றால் அந்த மனிதருக்கு யுத்தம் என்பது செய்தி கிடையாது, அப்பா இல்லாத வீடு. 1943 செப்டம்பரில் பிறந்தவர். தகப்பன் எரிக் ஃபிளெச்சர் வாட்டர்ஸ் 1944 பெப்ரவரி 18 இல் இத்தாலியில் அன்சியோவுக்குப் பக்கத்தில் செத்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை, கசினோ நினைவிடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

அப்படிச் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? 1945 க்குப் பிறகு எல்லாருக்கும் வேலை, வீடு, வைத்தியம் என்று ஒரு நாட்டைக் கட்டுவோம் என்ற நம்பிக்கைக்காக. அந்த நம்பிக்கையைத்தான் அவர் போருக்குப் பிந்திய கனவு என்கிறார். ஆல்பத்தின் பின்னட்டையிலும் அதையே போட்டிருக்கிறார்கள், போருக்குப் பிந்திய கனவுக்கு ஓர் இரங்கற்பா, ஆக்கம் ரோஜர் வாட்டர்ஸ், நிகழ்த்துவோர் பிங்க் ஃபுளொய்ட் என்று. ரசிகர் சண்டைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. பாண்டே தன் ஆல்பத்தில் கூலிக்கு வாசிக்க வந்த ஆக்கள் மாதிரி எழுதப்பட்டிருக்கிறது, யாருக்குக் கோபம் வராது?

முதல் கட்சிக்காரர் சொல்வது அதுதான், இது பிங்க் ஃபுளொய்டே இல்லை என்று. எங்கள் கூட்டத்தில் கிற்றார் வாசிக்கிற ஒருத்தன் இருக்கிறான், கல்யாண வீட்டு பாண்டில் வாசிப்பவன், முப்பது வருடமாக இதையே சொல்கிறான். அவன் பக்கம் சாட்சி நிறைய. கீபோர்ட் வாசித்த ரிக் ரைட்டை 'தி வால்' காலத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், அவருடைய இடத்தில் மைக்கல் கேமனின் பியானோவும் ஹார்மோனியமும், ஆண்டி பௌனின் ஹாமண்ட் ஓர்கனும். கிற்றார்காரர் டேவிட் கில்மோர் முன்னுக்கு நின்று பாடுவது ஒரே ஒரு பாட்டில். தயாரிப்பாளர் பட்டியலில் இருந்து அவருடைய பெயரையே எடுத்துவிட்டார்கள். கடைசிப் பாட்டில் நிக் மேசன் டிரம்ஸ்கூட வாசிக்கவில்லை, ஆண்டி நியூமார்க் என்ற வேறொருவர் வாசித்தார். ஆல்பம் வந்து ஒரு கச்சேரிகூடச் சேர்ந்து செய்யவில்லை, 1985 இல் வாட்டர்ஸ் வெளியேறினார், பிறகு பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கறிஞர்களிடம் போனார்கள்.

இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஃபுளொய்ட் இல்லை என்பதற்காகக் கூடாது என்று முடிவு கட்டுவது, அம்மா சமைக்காததால் கறி ருசியில்லை என்கிற கதை. அதோடு கில்மோர் பாடாவிட்டாலும் கிற்றாரில் என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். 'யுவர் பொசிபிள் பாஸ்ட்ஸ்', 'தி ஃபிளெச்சர் மெமோரியல் ஹோம்', பெயர்ப் பாட்டான 'தி ஃபைனல் கட்' மூன்றிலும் வருகிற சோலோக்கள் சின்னவை, ஒன்றிலும் வித்தை காட்டவில்லை, வாட்டர்ஸின் தொண்டை அடைத்துப்போகிற இடத்தில் கிற்றார் எடுத்துக்கொண்டு போகிறது. விருப்பமில்லாமல் வாசித்தவர் அப்படி வாசித்திருக்கிறார் என்றால் விருப்பத்தோடு வாசித்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். (அல்லது விருப்பமில்லாததால்தான் இவ்வளவு நறுக்கென்று இருக்கிறதோ, தெரியாது.)

இரண்டாவது கட்சி, மிச்சசொச்சம் என்கிறவர்கள். இதைச் சொன்னவர்களில் கில்மோரே முதலாள், 'தி வால்' ஆல்பத்துக்குப் போதாது என்று தள்ளின பாட்டு இப்போது எப்படி நல்லதாகிவிட்டது என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'யுவர் பொசிபிள் பாஸ்ட்ஸ்', 'ஒன் ஆஃப் தி ஃபியூ', 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்', 'தி ஃபைனல் கட்' நாலும் அங்கே இருந்து வந்தவை. ஆனால் அன்றைக்குப் புதுப் பாட்டு கேட்டால் கொடுக்க கில்மோரிடமும் கையில் எதுவும் இருக்கவில்லை, அதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். என் எண்ணம், பழைய கல் என்பதில் பிழையில்லை. 'ஹீரோஸ் ரிட்டர்ன்' பாட்டில் வருகிற வாத்தியார் 'தி வால்' ஆல்பத்தில் பிள்ளைகளை அடிக்கிற அதே வாத்தியார்தான். அங்கே அவர் வெறும் பூச்சாண்டி. இங்கே வந்த பிறகுதான் அந்த ஆள் யுத்தத்தில் ஜெர்மன் நகரத்துக்கு மேலே குண்டு போடப் பறந்தவர், கூடப் பறந்து செத்த சிநேகிதனின் குரல் இன்னும் காதில் கேட்கிறது, அதை மனைவியிடம் அவ நித்திரை கொண்ட பிறகுதான் சொல்ல முடிகிறது என்று தெரிகிறது. மிஞ்சின கல்லால் கட்டின அறைதான், ஆனால் வீட்டிலேயே அந்த அறையில்தான் ஆள் இருக்கிறது.

மூன்றாவது முறைப்பாடு சத்தம். முணுமுணுப்பான், கேட்கவில்லை என்று கூட்டினால் கத்துவான். இதற்கு நானே சாட்சி. ஹியூகோ சுக்காரெல்லி என்பவருடைய ஹோலோஃபோனிக் என்ற ஒலிப்பதிவு முறையை இதில் பயன்படுத்தினார்கள், சத்தம் காதுக்கு முன்னாலும் பின்னாலும் மேலாலும் வருவது போல இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு இரவு, நான் இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசியாக வருகிற 'பாரனொய்ட் ஐஸ்' கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன். அடுத்த பாட்டின் தொடக்கத்தில் ஒரு இரைச்சல் தலைக்கு மேலால் போய் எங்கோ விழுந்து வெடிக்கும். அம்மா குசினியில் இருந்து "கிபிர், கிபிர்" என்று, குண்டு போடுகிற விமானம் வந்துவிட்டதென்று, கத்திக்கொண்டு ஓடிவந்து தங்கச்சியை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டா. பக்கத்து வீட்டிலும் விளக்கு அணைந்தது. அன்றைக்கு எனக்கு விழுந்த ஏச்சு இருக்கிறதே, அதில் பிங்க் ஃபுளொய்டின் பரம்பரைக்கே பங்கு இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டை லண்டனில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒப்பாரி கேட்டு வளர்ந்த ஆளுக்கு இந்த முணுமுணுப்பும் கத்தலும் பெரிய குறையாகத் தெரியாது. ஒப்பாரியும் ஒரே சத்தத்தில் போகாது, வாய்க்குள் தொடங்கி உடைந்து வெளியே வரும்.

சரி, நல்லதுக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆல்பம் என்றால் முதல் பக்கம், முதல் பக்கம் என்றால் 'தி கன்னர்ஸ் டிரீம்'. குண்டுவிமானத்தில் இருந்து விழுந்து சாகப்போகிற ஒரு துப்பாக்கிக்காரன் கீழே வருகிற அந்தச் சில கணத்தில் கனவு காண்கிறான். கனவில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருக்க ஒரு இடம், போதுமான சாப்பாடு, பழைய சிப்பாய்கள் பயமில்லாமல் தெருவில் நடக்கலாம், மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லலாம், யாரும் காணாமல் போவதில்லை, யாரும் வந்து கதவை உதைப்பதில்லை, எல்லாருக்கும் சட்டம் இருக்கிறது, பிள்ளைகளை யாரும் கொல்வதில்லை. இதை எழுதியவர் கேம்பிரிட்ஜில் வளர்ந்த ஒரு ரொக் நட்சத்திரம். காணாமல் போவது என்ற அந்தச் சொல் வருகிற இடத்தில் லண்டன் ரசிகர் தலையாட்டிக்கொண்டு போயிருப்பார். எங்களுக்கு அது அடுத்த வீட்டுக் கதை. 2006 ஜனவரி 2 இல் எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை நான் ஒரு வருடத்துக்கு மேல் கேட்கவே இல்லை.

இசையாகவும் அதுதான் உச்சம். வாட்டர்ஸ் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு போவார், குரல் போய்க்கொண்டே இருக்கும்போது ராஃபேல் ராவன்ஸ்கிராஃப்டின் சக்ஸபோன் அதே சுருதியில் வந்து வாங்கிக்கொள்ளும், எங்கே மனிதன் நின்றான் எங்கே கருவி தொடங்கியது என்று பிரிக்க முடியாது. வாட்டர்ஸுக்குக் குரல் இல்லை என்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

இந்தப் பாட்டில் ஏதோ அந்நிய வயல் மூலையில் அந்தத் துப்பாக்கிக்காரன் உறங்குகிறான் என்று வரும், முதலாம் உலகப் போர்க் கவிஞர் ரூபர்ட் புரூக்கின் வரியில் இருந்து எடுத்தது. உப்புவெளியில், நிலாவெளி போகிற வீதியோரம், கொமன்வெல்த் யுத்த மயானத்தைத் தம்பி பார்த்திருப்பீர்கள், எத்தனை முறை பஸ்ஸில் தாண்டிப் போயிருப்போம். வெட்டின புல், வரிசையாகக் கல், கல்லில் பெயர், படை, வயது. பாதிப்பேர் எங்கள் பெடியன்களின் வயதுதான். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்ட கதையை எங்கள் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வாட்டர்ஸ் பாடுகிற அந்த அந்நிய வயல் மூலை எங்களுக்கு வாசல்படி. அவருடைய தகப்பனுக்கு அப்படி ஒரு கல்கூட இல்லை என்று தெரிந்த பிறகு அந்த மயானத்தைத் தாண்டும்போது நான் ரேடியோவைக் குறைத்துவிடுவேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டாம் பக்கத்தில்தான் வழக்கு தொடங்குகிறது. 'கெட் யுவர் ஃபில்தி ஹாண்ட்ஸ் ஓஃப் மை டெசர்ட்' ஒன்றேகால் நிமிடம், சோவியத் தலைவர் பிரஷ்னேவ் ஆப்கானிஸ்தானை எடுத்தார், இஸ்ரேல் பிரதமர் பெகின் பெய்ரூட்டை எடுத்தார், ஆர்ஜென்டினாவின் கால்டியெரி பிரித்தானியக் கொடியை எடுத்தார், தாட்சர் ஒரு போர்க்கப்பலை ஆக்களோடு எடுத்தார் என்று பட்டியல். 1982 மே 2 இல் மூழ்கடிக்கப்பட்ட ஆர்ஜென்டினக் கப்பல் ஜெனரல் பெல்கிரானோதான் அந்தக் கப்பல், அதில் மட்டும் 323 பேர் செத்தார்கள். குட்டிப் பாட்டு, பகிடியாக இருக்கிறது, பரவாயில்லை. அடுத்தது 'ஃபிளெச்சர் மெமோரியல் ஹோம்', அப்பாவின் பெயரிலேயே ஒரு மடம் கட்டி அதில் ரீகன், தாட்சர், பெகின், பிரஷ்னேவ், நிக்ஸனின் நினைவு, மக்கார்த்தியின் ஆவி எல்லாரையும் அடைத்து வைக்கிறார். மெட்டு அற்புதம், கிற்றார் அதைவிட. 2001 இல் பாண்டின் தொகுப்பு ஆல்பம் வந்தபோது இதிலிருந்து இந்தப் பாட்டைத்தான் எடுத்தார்கள். ஆனால் என்னுடைய மகளுக்குப் போட்டுக் காட்டினால் ஹேக் யார், பெய்ஸ்லி யார் என்று ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி விளக்க வேண்டும். விளக்கி முடிய அழுகை போய்விடும். துப்பாக்கிக்காரனின் கனவுக்கு ஒரு பெயரும் விளக்கத் தேவையில்லை. இதைவிடச் சுருக்கமாக இந்த ஆல்பத்தின் ஏற்றத்தாழ்வைச் சொல்ல என்னால் முடியாது.

அப்படிச் சொல்லிவிட்டு உடனே 'சவுத்ஹம்டன் டொக்' வருகிறது, இரண்டு நிமிடம், யாரும் பேசாத பாட்டு. 1945 இல் துறைமுகத்தில் கப்பல் இறங்கி வந்தார்கள், யாரும் பேசவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பிறகு 1982 இல் அதே இடத்தில் ஒருத்தி கைக்குட்டையோடு திரும்பவும் பெடியன்களை அனுப்பிவைக்கிறா. அவ தாட்சர்தான், ஆனால் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் பாட்டு பிழைத்துவிட்டது. துறைமுக ஊரில் பிறந்தவனுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். 1942 இல் திருகோணமலையில் இருந்து புறப்பட்டு மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிய கப்பல் ஹேர்மிஸ். 1982 இல் ஃபோக்லாந்துக்குப் போன படைக்குத் தலைமைக் கப்பலின் பெயரும் ஹேர்மிஸ். அது பிறகு இந்தியாவுக்கு விற்கப்பட்டு விராட் ஆனது. பெயரும் கப்பலும் மாறி மாறி வருகின்றன, கரையில் கைக்குட்டையோடு நிற்கிறவர்கள் மட்டும் அதே ஆக்கள்.

'தி ஃபைனல் கட்' பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், தற்கொலை வரைக்கும் போய் ஒரு தொலைபேசி அடித்ததால் நின்ற ஆளின் பாட்டு அது, நல்ல பாட்டு, ஆனால் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள். 'நொட் நவ் ஜோன்' என்பதுதான் பெரிய சண்டை. கில்மோர் பாடுகிற அந்த ஒன்று, கெட்ட வார்த்தையோடு, பின்னால் பெண் குரல்களோடு, ஜப்பானோடு போட்டி, வேலையைப் பார், யோசிக்காதே என்று கத்துகிற பாட்டு. கூட்டத்தில் பாதிப்பேருக்கு இது மட்டும்தான் பிடிக்கும், ஏனென்றால் இது மட்டும்தான் ரொக். எனக்கு இது செத்தவீட்டில் பறை மேளத்துக்குப் பக்கத்தில் ஒருத்தன் குடித்துவிட்டு ஆடுகிற மாதிரி. தேவையா என்றால் தேவை, செத்தவீடு என்றால் அவனும் இருப்பான். ஐந்து நிமிடம் ஆடுவதுதான் கூடிப்போச்சு.

இனி மூன்றாவது கேள்வி. 2004 பதிப்பில் சேர்த்தது 'வென் தி டைகர்ஸ் புரோக் ஃப்ரீ'. 1982 இல் படத்துக்காகத் தனி சிங்கிளாக வந்த பாட்டு. லண்டனில் இருந்த மச்சான் எனக்கு 90 நிமிடக் கசெட்டின் ஒரு பக்கத்தில் முதலில் இந்தப் பாட்டு, பிறகு முழு 'ஃபைனல் கட்' என்று பதிந்து அனுப்பினான். பாவி, அட்டையில் பாட்டின் பெயரையெல்லாம் வடிவான ஆங்கில எழுத்தில் எழுதியும் அனுப்பினான். அப்பா பெட்டியைத் திறந்து முதல் வரியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேசையில் இருந்து பேனையை எடுத்து டைகர்ஸ் என்ற சொல்லை மட்டும் தாள் கிழியும் வரைக்கும் வெட்டினார். அது ஜெர்மன்காரனின் டாங்கி அப்பா, டைகர் டாங்கி, 1944 இல் என்று நான் தொடங்க, "சோதனைச் சாவடியில நிண்டு இதை விளங்கப்படுத்தப் போறியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் அந்தப் பாட்டுக்குப் பெயரே 'வெட்டின பாட்டு'.

அந்தப் பாட்டுத்தான் வாட்டர்ஸ் அப்பாவைப் பற்றி எழுதியதில் ஆகத் துல்லியமானது என்பேன். பழைய படங்கள் கிடக்கிற லாச்சியில் அரசர் ஜோர்ஜ் அனுப்பிய இரங்கல் கடிதத்தைக் கண்டெடுக்கிறான் பிள்ளை, பொன் பூச்சு, அடியில் அரசரின் ரப்பர் முத்திரைக் கையெழுத்து. அந்த ரப்பர் முத்திரையில் அவருக்கு வருகிற கோபம் எனக்கு விளங்கும். ஆனால் இங்கே எத்தனை வீட்டுக்கு அந்த ரப்பர் முத்திரைகூட வரவில்லை என்றும் நினைத்துக்கொள்வேன். பாட்டு நல்லது, 2004 இல் வைத்த இடம் கூடாது. வாத்தியாரின் கதை 'ஒன் ஆஃப் தி ஃபியூ' பாட்டில் தொடங்கி 'ஹீரோஸ் ரிட்டர்ன்' பாட்டில் தொடர்கிறது, நடுவில் இதைக் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார்கள். வாத்தியார் வாய் திறக்கப் போகிறார், அதற்குள் வேறொரு வீட்டுக்குப் போய்விடுகிறோம். எனவே மச்சான் பதிந்த ஒழுங்கில் கேளுங்கள், வெட்டின பாட்டு முதலில், ஒரு நிமிடம் விட்டு, பிறகு பன்னிரண்டும். காதுக்கு ஹெட்போன் போடுங்கள், வீட்டில் வயதான ஆக்கள் இருந்தால் கட்டாயம்.

அந்த ஒழுங்கில் ஒரே ஒரு சிக்கல், எனக்கு வந்தது, உங்களுக்கு வராது. ஆல்பம் 43 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், வெட்டின பாட்டு 3 நிமிடம், கசெட்டின் ஒரு பக்கம் 45. கடைசிப் பாட்டு 'டூ சன்ஸ் இன் தி சன்செட்', ஒருத்தன் மாலையில் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், சூரியன் பின்கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கில் இன்னொரு சூரியன் தெரிகிறது, அணுகுண்டு. பாட்டு முடிந்து சக்ஸபோன் தேய்ந்து போகிற நேரம் என் கசெட் டக்கென்று நின்றுவிடும். ஆல்பம் அங்கேதான் முடிகிறது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சீடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது, சக்ஸபோனுக்குப் பின்னால் ரேடியோவில் ஒருவர் வானிலை அறிக்கை வாசிக்கிறார், ஆல்பத்தின் தொடக்கத்தில் கார் ரேடியோவில் செய்தி வாசித்த அதே சாதாரணக் குரலில், நாளைக்கு மேகமூட்டம், கிழக்கில் இருந்து மழை, அதிகபட்ச வெப்பநிலை 4000 பாகை செல்சியஸ் என்று. மிக மெதுவாகத்தான் கேட்கும். அந்த இடத்தில் சத்தத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள் தம்பி, அதற்குப் பிறகு வெடி ஒன்றும் இல்லை.